கறுத்துப்போன டீ

விழுங்கிய மாத்திரை எங்கே போகிறது என்று முனீஸ்வரிக்கு விளங்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன் விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது ரத்த அளவு எட்டு. இன்றைக்கும் எட்டு. நடுவில் ஒருநாள்கூட அவள் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறவிட்டதில்லை.

வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் அவள் ஊர்த் துணை சுகாதார நிலையம். சோதனைக்கு வந்து உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் முனீஸ்வரி சேர்த்துவிட்டவர்கள். மாடிப்படி ஏறினால் ஏன் மூச்சு வாங்குகிறது, நகம் ஏன் வெளுக்கிறது என்று வீடு வீடாக விளக்கி, மாத்திரைக்குப் பழக்கியவள் அவள்தான். அவர்களுக்கெல்லாம் அளவு ஏறியிருந்தது.

நர்ஸ் பாண்டிமீனா கருவியை மறுபடி பார்த்தாள். "மாத்திரைய முழுங்குனியா, வாய்க்கால்ல போட்டியா?"

"சத்தியமா முழுங்குனேன்க்கா."

"முழுங்குனா ஏறாம எங்க போகும்?"

தை மாதம் கல்யாணம் வைத்திருந்த சரண்யாதேவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நமக்கு மட்டும் அம்புட்டு வெளக்கம். மாத்திரையெல்லாம் தின்னுட்டு அக்கா வீட்டு முருங்க மரந்தேன் தளதளன்னு நிக்கிது போல."

எல்லாரும் சிரித்தார்கள். முனீஸ்வரிக்குக் காது மடல் சுட்டது. சிரித்து முடித்ததும் சரண்யாதேவி எழுந்தாள். "எனக்கும் இனி வேணாம்ப்பா. சொன்னவுகளே திங்கல. எனக்கு வேற குமட்டுது."

அவளுக்கு இப்போதுதான் ஒன்பதரை ஆகியிருந்தது. அடுத்த வருஷம் பிள்ளை உண்டானால் அந்த ரத்தம் காணாது. முனீஸ்வரி அதைச் சொல்ல வாயெடுத்தாள். இந்த வாயால் சொன்னால் யார் கேட்பார்கள் என்று மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து வாழைப்பூ அரிய உட்கார்ந்தாள். கை வேலை செய்ய, மனம் சாப்பாட்டை ஒவ்வொன்றாகத் தேடியது. கீரை உண்டு. கேழ்வரகு உண்டு. பாதிப் பூ அரிவதற்குள் அரிவாள்மனையின் இரும்பு மை பூசினாற்போலக் கறுத்துவிட்டது. எப்போதும் கறுப்பதுதான். வாழைப்பூவின் துவர்ப்பு இரும்பைப் பற்றிக்கொள்ளும். புளி போட்டுத் தேய்த்தால்தான் விடும்.

கை நின்றது. துவர்ப்பு வேறு எதில் இருக்கிறது?

பேருந்து நிறுத்தத்தில் அவள் அப்பாவுக்கு டீக்கடை. காலையில் கல்லாவில் அவள்தான். மாத்திரை வாங்கிய முதல் நாள், உள்ளங்கையில் சிவப்பாக அதைப் பார்த்துவிட்டுப் பால்கார பேச்சிமுத்து கேட்டார்: "என்ன ஆத்தா, கர்ப்பிணிக்குக் குடுக்குற மாத்திரையாட்டம் இருக்கு? கல்யாணத்துக்கு முன்னாடியே விசேஷமா?" விளையாட்டுக்குத்தான் கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அவள் மாத்திரையைக் கைக்குள் மறைத்து, டீ கிளாஸைத் தூக்கும் சாக்கில் வாயில் போட்டு, அந்த டீயோடே விழுங்கினாள். யாருக்கும் தெரியவில்லை.

கடைக்கு ஓடினாள். ஒரு மாத்திரையின் சிவப்புப் பூச்சைக் கழுவிவிட்டு, நசுக்கி, பால் கலக்காத டீயில் போட்டுக் கலக்கினாள். பொன்னிறம் மங்கியது. கொஞ்ச நேரத்தில் கிளாஸில் மை நின்றது. புளியைப் போல இதுவும் விடுவிக்குமா என்று எலுமிச்சையைப் பிழிந்தாள். கறுப்பு வெளிறி இறங்கியது.

வயிற்றுக்குள்ளும் இதுதான் நடந்திருக்கிறது. டீயின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. பிடிபட்ட இரும்பு ரத்தத்தில் சேராமல் அப்படியே வெளியே போய்விடுகிறது. அவள் மாத்திரையை வாய்க்காலில் போடவில்லைதான். போட்டிருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை.

மறுநாள் சுகாதார நிலையத்தில், மாத்திரையை டீயோடு விழுங்கிவந்ததைச் சொல்லி, பெண்கள் முன்னால் அதையே செய்து காட்டினாள். கிளாஸ் கறுத்ததும் சரண்யாதேவி கிட்டே வந்து முகர்ந்து பார்த்தாள்.

"எங்களத் தண்ணியில முழுங்கச் சொல்லிட்டு நீ ஏங்க்கா டீயில போட்ட?"

முனீஸ்வரி கிளாஸையே பார்த்தாள். "வெக்கம். ஆம்பளைங்க பாத்துருவாகன்னு. உங்ககிட்டல்லாம் என்ன வெக்கம்னு வாய் கிழியப் பேசுனேன்ல? எனக்கு இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கூசியது. "டீயோட போடக் கூடாதுன்னு நானும் யாருக்கும் சொல்லலையேடி," என்றாள் பாண்டிமீனா, மெதுவாக. சரண்யாதேவி ஒரு அட்டை மாத்திரையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "குமட்டுனா?"

"சோறு தின்னதும் போடு. குமட்டாது," என்றாள் முனீஸ்வரி.

அதற்கடுத்த நாள் முனீஸ்வரி கடையிலேயே, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லாரும் பார்க்க மாத்திரையை வாயில் போட்டாள். பேச்சிமுத்து பார்த்தார்.

"என்ன ஆத்தா, மறுபடியுமா?"

"ரத்தம் கம்மிண்ணே. அதுக்குத்தேன்." முகம் எரிந்தது. ஆனாலும் எலுமிச்சை பிழிந்த தண்ணீரை நிதானமாகவே குடித்தாள். அவர் தலையைக் குனிந்து பால் கேனைத் துடைக்கத் தொடங்கினார்.

அடுத்த சோதனையில் அவளுக்குப் பத்தரை, சரண்யாதேவிக்குப் பதினொன்று. இருவரும் கடைப்பிடித்த விதி இவ்வளவுதான்: மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் விழுங்க வேண்டும், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் டீ குடிக்கக் கூடாது.