பன்னிரண்டு நாற்காலிகள்

அவெர்தானோ கையெழுத்துப் போட்டபோது நான் ஹோட்டல் அறையின் குளியலறையில் இருந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், முதல்வராகப் போகிறவருக்கு ஆள் சேர்க்கும் தரகர் சிர்சாட் ஆதரவுக் கடிதத்தோடு லிஃப்டில் இறங்கிப் போயிருந்தார். அவர் குடித்து வைத்த தேநீர்க் கோப்பையில் இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

"எந்தத் துறைன்னு எழுதி வாங்கினியா?"

"வாயால சொன்னாரு புண்டலீக். வேளாண்மைதானாம்."

"வாயாலயா!"

"போர்க்கர் ஆளுங்க மூணு பேரும் காலையிலயே போட்டுட்டாங்களாம். நாற்காலி நிறைஞ்சுக்கிட்டே வருது, கடைசியா வர்றவனுக்கு மிச்சம் மீதிதான்னாரு. நான் என்ன செய்ய?"

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மட்காவ் சந்தையில் மூன்று தலைமுறையாக எங்களுக்குத் துணிக்கடை. 'இதே சேலையை இப்பத்தான் ஒரு அம்மா எடுத்து வைக்கச் சொல்லிட்டுப் போனாங்க' என்று நானே நாளைக்கு நாலு தடவை சொல்கிறவன். அந்த அம்மா ஒரு நாளும் பிறந்ததில்லை.

அவெர்தானோ ஊருக்கு ரொட்டி சுடுகிறவன். எந்தக் கட்சியிலும் சேராமல் நின்று இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தான். அவன் கொடுத்த வாக்குறுதி ஒன்றே ஒன்று: மதகு. கடல் ஏறும்போது மூடி, இறங்கும்போது திறக்க வேண்டிய கதவு. மூடினால்தான் ஆற்றில் ஏறும் கடலுப்பு எங்கள் வயலுக்குள் வராது. ஆனால் மதகில் மீன் பிடிக்கும் உரிமையை வருஷா வருஷம் ஏலம் விடுவது எங்கள் வழக்கம். ஏலம் எடுத்தவன் கடல் ஏறும்போதும் கதவுக்குக் கட்டை கொடுத்துத் திறந்தே வைத்தான். இறாலும் வந்தது, உப்பும் வந்தது. இரண்டு வருஷமாக ஊரில் ஒரு படி நெல் இல்லை. இந்த வருஷமும் உப்பு ஏறினால் நிலம் தேறாது என்று சொல்லிவிட்டார்கள். ஏலம் எடுத்தவன் சாந்தாராம் போர்க்கரின் தம்பி. போர்க்கர் மூன்று எம்.எல்.ஏ. கொண்ட குட்டிக் கட்சியின் தலைவர். கரையும் மதகும் வேளாண்மைத் துறையின் கையில்.

நாற்பது பேர் சட்டசபையில் பன்னிரண்டு மந்திரிக்கு மேல் வைக்கச் சட்டம் இடம் தராது. முதல்வராகப் போகிறவரிடம் பதினேழு பேர். போர்க்கரின் மூவரும் அவெர்தானோவும் சேர்ந்தால்தான் இருபத்தொன்று. அதாவது இவன் இல்லாமல் ஆட்சி இல்லை. அப்படிப்பட்ட சரக்கை விலை பேசாமல் தூக்கிக் கொடுத்திருக்கிறான்.

போர்க்கர் மறுநாள் மத்தியானம்தான் கையெழுத்துப் போட்டார். அதையும் அவரே சொன்னார், ஹோட்டல் சாப்பாட்டு அறையில், தட்டில் மீனை வைத்துக்கொண்டு.

"நீ போட்டுட்டேன்னு தெரிஞ்சதும் எனக்கு அவசரமே இல்ல அவெர்தானோ பாப். இருந்து நிதானமாக் கேட்டேன். எழுதியும் வாங்கிட்டேன்."

"எந்தத் துறை?" என்றேன் நான்.

"விவசாயம்." முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தார். "மண்ணோட புழங்குற மனுஷன்ல நான்."

பதவியேற்பு நாலு மணிக்கு. ஆளுநர் மாளிகைத் தாழ்வாரத்தில் சிர்சாட் இரண்டாக மடித்த தாளை நீட்டினார். அவெர்தானோவின் பெயருக்கு நேரே அருங்காட்சியகங்கள், அரசு அச்சகம் என்றிருந்தது.

"கௌரவமான துறைங்க. எந்தத் தலைவலியும் கிடையாது. ஒரு பய கேள்வி கேக்க மாட்டான்."

அவெர்தானோ என்னைத் தூண் மறைவுக்கு இழுத்துப் போனான்.

"இப்பவே உள்ள போயி, கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கறேன்னு ஆளுநர்ட்ட சொல்லிட்டா? இருபதுதான் நிக்கும். மதகை மூடச் சொல்லி எழுதிக் குடுங்கன்னு கேக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம். அந்த அரைமணி நேரம் அந்தக் கட்டடத்திலேயே விலை உயர்ந்த மனிதன் அவன்தான். வியாபாரி மகனான எனக்கு அது தெரியாமல் இல்லை.

"கெடைச்சதை வாங்கிக்கடா," என்றேன். "வெளிய நின்னு கத்துறதுக்கு உள்ள உக்காந்து பேசலாம்."

அவனுக்காகத்தான் சொன்னேனா, மந்திரி சிநேகிதன் கடை என்று நாளை சந்தையில் சொல்வார்களே அதற்காகவா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பொய். தெரியும்.

அவன் ஒன்பதாவதாகப் பிரமாணம் எடுத்தான். கொங்கணியில், ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல். போர்க்கர் எல்லோருக்கும் முன்னால் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஊருக்குள் கொடி கட்டிய கார் நுழைந்தபோது இன்னும் வெயில் இருந்தது. கரைமேல் சனம் மொத்தமும் நின்றது. விவரம் தெரியாமல் சரவெடி வைத்துவிட்டார்கள். கரை முழுக்கப் புகை. குத்தகை விவசாயிகள் சங்கத் தலைவர் மிங்கேல் மாலையோடு முன்னால் வந்தார். போன மாசம்வரை இவனை 'டேய் ரொட்டிக்காரா' என்று கூப்பிட்டவர்.

"வாங்க மந்திரி பாப். வேளாண்மைதானே?"

அவெர்தானோ சொன்னான். மிங்கேலுக்குக் காது மந்தமில்லை. ஆனாலும் இரண்டாவது தடவை கேட்டார். இரண்டாவது தடவையும் சொன்னான்.

"அருங்காட்சியகமா?" மாலை அவர் கையிலேயே இருந்தது. "நல்லதாப் போச்சு. நம்ம வயல்ல ஒரு கூடை மண்ணு அள்ளித் தர்றோம், அங்க ஒரு கண்ணாடிப் பெட்டியில வெச்சிருங்க. இந்த ஊர்ல நெல்லு விளைஞ்சிச்சுன்னு வருங்காலத்துப் புள்ளைங்க பாக்கட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசைக்குச் சேதி போகாததால் அங்கே இன்னொரு சரம் வெடித்தது.

அவெர்தானோ மதகுப் பக்கம் நடந்தான். மந்திரிக்கென்று புதிதாக வந்த காவலர், "ஐயா, வழுக்கும்" என்று கையைப் பிடித்தார். அவன் நின்றுவிட்டான். கீழே கதவுக்குக் கட்டை கொடுத்திருந்தது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. கரையிலிருந்து விழுந்த வெடித்தாள் துணுக்குகள் சிவப்புச் சிவப்பாகத் தண்ணீரில் திரண்டு, மதகுவாயில் ஒரு நிமிடம் தயங்கிச் சுற்றி, பிறகு ஒவ்வொன்றாக வயலுக்குள் போயின.