சத்தம் மட்டும்

தையல்காரி செல்போன் கடைப் படியேறும்போதே கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது.

"மறுபடியும் வீடியோவத் தூக்கிட்டானுங்களா?"

"ஆமாண்ணே. வன்முறைக் காட்சியாம்."

"அடிச்சா வன்முறை இல்ல. அடிச்சதக் காட்டுனாத்தான் வன்முறை. நல்லா இருக்கு நியாயம்!"

காவல் நிலைய வாசலில் அவள் தம்பியைப் போலீஸ்காரன் ஒருவன் அடித்ததை, நிறுத்தியிருந்த வேனுக்குள்ளிருந்து யாரோ வீடியோ எடுத்திருந்தார்கள். மறுநாள் அவன் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். வழுக்கி விழுந்ததாகச் சொன்னார்கள். வீடியோவில் அடித்தவனின் முதுகுதான் தெரிந்தது. ஆள் யாரென்று தெரியவில்லை என்று விசாரணையையும் மூடிவிட்டார்கள். யாராவது பார்த்து அடையாளம் சொல்ல மாட்டார்களா என்றுதான் அவள் அதை வலைத்தளத்தில் போட்டாள். போடப் போட வலைத்தளக்காரர்கள் நீக்கினார்கள். கடைக்காரர் முதலில் ரத்தத்தை மங்கலாக்கிக் கொடுத்தார், பிறகு தம்பியின் முகத்தை, பிறகு லத்தியை. அப்படியும் நிற்கவில்லை.

"இனி மறைக்க என்ன மிச்சம் இருக்கு தங்கச்சி? படத்தையே கருப்பாக்கிடறேன். சத்தம் மட்டும் போகட்டும்."

அந்தச் சத்தத்தை அவள் கேட்டதே இல்லை. எப்போதும் அணைத்துவிட்டுத்தான் பார்ப்பாள்; கடைக்காரரும் அப்படியேதான் வேலை செய்து கொடுத்திருந்தார். கடைக்காரர் ஓடவிட்டார்.

"சார், அக்காவக் கூப்பிடுங்க சார்..."

கழுத்தில் கிடந்த அளவு நாடாவை இறுகப் பிடித்துக்கொண்டாள். அடுத்து இன்னொரு குரல் வந்தது. "ஓரமா போடா! உனக்குத் தனியாச் சொல்லணுமா?"

கடைக்காரர் நிமிர்ந்தார். "இது... தினம் நம்ம கடைத்தெருவுல போலீஸ் மைக்ல வண்டிங்கள விரட்டுற குரலாச்சே!"

அவளுக்கும் தெரிந்தது. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டுதான் இத்தனை நாளும் தைத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி கூப்பிடுறத வெட்டிடவா?"

"வேணாம்ணே. என்னத்தான கூப்பிடுறான்."

கருப்புத் திரையில் குறை கண்டுபிடிக்க வலைத்தளக்காரர்களுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. கடைசியில் அதையும் நீக்கினார்கள். அதற்குள் தெரு முழுக்கக் கேட்டிருந்தது.

ஒரு காலையில் மைக் வழக்கம்போல அதட்டியது. "ஓரமா நிறுத்து! உனக்குத் தனியாச் சொல்லணுமா?"

அவள் கடைக்கு எதிரே பழவண்டிக்காரர் கையை வாயில் குவித்துக் கத்தினார். "சார், அக்காவக் கூப்பிடுங்க சார்!"

அதையே அங்கொருவர் சொன்னார், இங்கொருவர் சொன்னார். மைக் கரகரத்தது. பிறகு நின்றுபோனது.

அப்போதுதான் பழவண்டிக்காரர் அவளைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு அருகே வந்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. வாய்ல வந்துருச்சு."

அவள் மெஷினிலிருந்து காலை எடுத்தாள். பல நாளாகத் தூக்கமில்லாத கண்கள்.

"பரவால்லண்ணே. அந்தக் குரல் திரும்பப் பேசுனா, நீங்களும் திரும்பச் சொல்லுங்க."