கோப்பியின் கொட்டாவி

சிங்கப்பூர் தேக்காவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஜெரார்ட், "காதுகிட்ட தொடுறேன்" என்று சொல்லாமல் எந்த வாடிக்கையாளரையும் தொட்டதில்லை. இருபத்தாறு வருடப் பழக்கம். நாயிடம் மட்டும் அந்த மரியாதை கிடையாது.

கோப்பி, கிராஞ்சிப் பக்கத்து நாய்கள் காப்பகத்திலிருந்து ஐந்து மாதத்துக்கு முன் அவருடைய சுவா சூ காங் வீட்டுக்கு வந்த பழுப்பு நிற நாட்டு நாய். மாலையில் வீட்டுக்கு வந்ததும் ஜெரார்ட் தரையில் உட்கார்ந்து அதை இறுகக் கட்டிக்கொள்வார். கோப்பி உதட்டை நக்கும், பிறகு ஒரு கொட்டாவி விடும்.

"என் கையில வந்தாலே அதுக்குத் தூக்கம் வந்துடும்" என்று தேவாலயத்தில் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பார்.

ஒரு சனிக்கிழமை, நாய் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் காப்பகத்துப் பெண் டானியலா வந்தாள். ஜெரார்ட் பெருமையோடு கட்டிப்பிடித்துக் காட்டினார்.

"விடுங்க அங்கிள். அது தூக்கமில்ல, ஸ்ட்ரெஸ் லா. முழியில வெள்ளை தெரியுது பாருங்க. எப்ப விடுவீங்கன்னு காத்துக்கிட்டிருக்கு."

ஜெரார்ட் குனிந்து பார்த்தார். முதன்முறை கண் பரிசோதனைக்கு வரும் பிள்ளைகள் இப்படித்தான் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கையை எடுத்தார். கோப்பி உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டது.

"மூணு செகண்ட் நெஞ்சைத் தடவுங்க. கையை எடுத்துடுங்க. வேணும்னா அதுவே கேக்கும்."

"கேக்கலைன்னா?"

"அதுவும் பதில்தான் அங்கிள்."

அவள் போனபின், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி பிரிஜட் நிமிராமலே சொன்னாள்: "நானும் முப்பது வருஷமா கொட்டாவி விடுறேன். நீங்க கவனிக்கல."

வேடிக்கைக்குச் சொன்னாளா என்று அவள் முகத்தைப் பார்த்தார். தெரியவில்லை.

அடுத்த பதினோரு நாளும் ஜெரார்ட் மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்தார். பதினோரு நாளும் கோப்பி எழுந்து போனது. அவருக்கு வருத்தம்தான். பன்னிரண்டாம் நாள் தடவவும் மனமில்லாமல், சுவரில் சாய்ந்து வெறுமனே தரையில் உட்கார்ந்திருந்தார்.

கோப்பி வந்தது. அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அவர் தொடைமேல் பின்புறத்தை வைத்து, முழுப் பாரத்தையும் சாய்த்துக்கொண்டது. கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதன் நெஞ்சில் வைத்தார். மூன்று எண்ணினார். எடுத்தார்.

கோப்பி தலையைத் திருப்பி, மூக்கால் அந்தக் கையை ஒரு தள்ளு தள்ளியது.

மறுபடி மூன்று. மறுபடி ஒரு தள்ளு.

"சாப்பாடு எடுத்து வச்சாச்சு" என்றாள் பிரிஜட்.

"கொஞ்ச நேரமாகும்."

"அப்படியே உக்காந்திருந்தா கால் மரத்துப் போகும்."

"போயிடுச்சு" என்றார் ஜெரார்ட்.

அவள் தட்டை மூடி வைத்தாள்.