வளைவில் ஒட்டிய மைக்கா

சோறு பரிமாறும்போதுதான் ஜீனா அதைக் கண்டாள். கணவன் ஜெயதாஸின் இடது மணிக்கட்டில் சிவப்பாக ஒரு கோடு. அவளே பிளைவுட் அறுத்துச் செய்துவரும் வீடியோ கேம் பெட்டியின் கூரான முன்விளிம்பில் அவர் கையை ஊன்றிப் பார்த்ததுதான் காரணம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஜெயதாஸ் நெய்யாற்றின்கரையில் லேப் டெக்னீஷியனாக இருந்தவர். எவ்வளவு மெலிந்த ரத்த நாளமானாலும் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவார். எட்டு மாதம் முன்பு பைக்கிலிருந்து விழுந்ததில் இடது கை நரம்பு அடிபட்டது. விரல்கள் கொஞ்சம் அசையும், சூடு தெரியாது. பயிற்சிக்கென்று டாக்டர் தந்த ரப்பர் பந்தைக் கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டார். பள்ளி நாளில் பாறசாலைக் கடையில் நின்றபடி விளையாடிய பெட்டியைப் பற்றி அவர் ஒருநாள் வாய்விட்டுப் பேச, ஜீனா அதேபோல ஒன்றைச் செய்யத் தொடங்கினாள். குளத்தூர் பட்டறையில் சமையலறை அலமாரிகளுக்கு வரைபடம் போடுகிறவள் அவள். மரம் பழக்கம், அதன்மேல் மைக்கா என்கிற பிளாஸ்டிக் தகடு ஒட்டிப் பழக்கமில்லை.

விளிம்பை உருண்டையாக இழைத்தாள். முதல் மைக்கா வளைவில் பிளந்தது. சூட்டில் வளைகிற மெல்லிய தகடாகப் பார்த்து வாங்கிவந்தாள். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் கார் ஷெட்டில் இருபக்கமும் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்தாள். தட்டையான மேற்பரப்பில் ஒட்டியாயிற்று. இனி சூடான காற்று வீசும் ஹீட் கன்னால் இளக்கி, ஆறுவதற்குள் விளிம்பின் மேல் வளைத்து அழுத்த வேண்டும். அதற்கு அவளுடைய இரண்டு கைகள் போதவில்லை.

“நான் அமுக்குதேன்,” என்று ஜெயதாஸ் வந்தார்.

“வேண்டாம். ஒங்களுக்கு சூடு தெரியாதுல்லா, வெந்துபோவும். நீங்க போய் இருங்க.”

அவர் போகவில்லை. “எடி, எட்டு மாசமா இதத்தான் சொல்லுத. சட்டைக்கு பொத்தான் நீ போடுத, மீனுக்க முள்ளு நீ எடுக்குத. இது எனக்க கையாக்கும். செத்த கை ஒண்ணும் இல்ல.”

முள் எடுத்த மீனை அவர் தட்டில் வைக்கும்போதெல்லாம் அவர் முகம் இறுகுமே, அதைக் கைவலி என்றுதான் இத்தனை நாளும் ஜீனா எண்ணியிருந்தாள்.

தடித்த கையுறையையும் மரக்கட்டையையும் எடுத்து நீட்டினாள். “நான் சொல்லும்பம் அமுக்கணும், கேட்டியளா?”

ஹீட் கன் இரைந்தது. மைக்கா நனைந்த அட்டைபோலத் தளர்ந்தது. “இப்பம்!” என்றாள். இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்துத் தோளிலிருந்து பாரம் கொடுத்து அழுத்தினார். மூலைக்கு வரும்போது இடது கை வழுக்கியது. ‘டிக்’கென்ற சத்தத்தோடு ஓரங்குலத்துக்கு வெள்ளைக் கீறல் விழுந்தது.

“கெட்டுப்போச்சா?”

அவள் விரலால் தடவிப் பார்த்தாள். மற்ற இடமெல்லாம் வழவழவென்று படிந்திருந்தது. “இல்ல. நல்லா பிடிச்சாச்சு. இனி பிரிக்க ஒக்காது.”

“அப்பம் உள்ளுக்க வயரு, திருகாணி எல்லாம் நான் மாட்டிக்கிடுதேன். நீ வரண்டாம்.”

அடுக்களையில் உட்கார்ந்திருந்தாள் ஜீனா. சிமெண்ட் தரையில் திருகாணி விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும். எழுந்து போகத்தான் தோன்றியது. போகவில்லை.

சாயங்காலம் ஆகிவிட்டது அவர் கூப்பிட. “ஜீனா, வா. ரெண்டு பேரு ஆடுத கேமும் உண்டு.”

முதல் ஆட்டத்தில் அவள் தோற்றாள். விட்டுக்கொடுக்கவில்லை, உண்மையாகவே தோற்றுப்போனாள்.