மச்சான் பிடித்த கயிறு

எமில்டாவின் வீட்டு ஓட்டில் பட்டப்பகலில் கல் விழுந்தது. யார் எறிந்தது என்று கேட்டால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கோயில் திறந்திருந்த காலத்தில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பூசை கண்டவர்கள்தான் எல்லோரும். ஓடு உடைகிற சத்தம் மட்டும் யார் காதிலும் விழவில்லையாம். வெட்கங்கெட்ட தெரு.

எமில்டா பெரியாஸ்பத்திரியில் கொரோனா வார்டைக் கழுவித் துடைக்கிற வேலையில் இருந்தாள். போன வருடம், முதல் அலையில், இதே தெரு வாசலில் நின்று அவளுக்குக் கை தட்டியது. இந்த வருடம் இரண்டாம் அலையில் பவுல் செத்துப்போனார். கடலுக்குப் போகிற படகு, நாலு வல்லத்துக்குச் சொந்தக்காரர், தெருவில் பெரிய மனுஷன். அவர் உடம்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, கோயிலுக்குக்கூடக் கொண்டுவராமல் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். மகன் ஜோன்ஸ் தூரத்தில் நின்று குழியைத்தான் பார்த்தான், அப்பன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் தெருவுக்குள் நடந்து வருகிற எமில்டா கண்ணில் பட்டாள். நோயைக் கொண்டுவந்தவள் அவள்தான் என்றான். தெருவும் ஆமாம் போட்டது.

எமில்டாவின் அண்ணன் பெவின், தகவல் தெரிந்து ஓடிவந்தான். வந்தவன் வாசல்படி ஏறவில்லை. கொண்டுவந்த அரிசிப்பையைப் படியில் வைத்துவிட்டு எட்டி நின்றான்.

"உள்ள வாண்ணே," என்றாள் எமில்டா.

"இருக்கட்டும்ளா. வல்லத்துல சோலி கெடக்கு."

அவள் மறுபடி கூப்பிடவில்லை. தங்கையின் முகம் போன போக்கைப் பார்த்து பெவினுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது. ஆனாலும் கால் நகரவில்லை. பயம் அவனுக்கும் இருந்தது. கல் எறிகிறவன் பயத்துக்கும் தன் பயத்துக்கும் என்ன வித்தியாசம் என்று யோசிக்கப் பிடிக்காமல், அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

"பவுல் மாமா கடைசி நேரத்துல தண்ணி கேட்டாவ. நான்தான் குடுத்தேன். கண்ணை மூடிவிட்டதும் நான்தான். ஜோன்ஸ் பேரைச் சொல்லிக்கிட்டேதான் இருந்தாவ. அதை ஜோன்ஸ்ட்ட சொல்லணும்ணே. என்னைக் கண்டா கல்லை எடுக்கான், நீயாவது சொல்லு."

சொல்கிறேன் என்றான் பெவின்.

சொல்லக் கடற்கரைக்குப் போனால், அங்கே ஜோன்ஸ் ஆட்களைக் கூட்டி வைத்துக்கொண்டு வேறு பேச்சுப் பேசிக்கொண்டிருந்தான். எமில்டாவின் புருஷன் ரெக்சன் சங்கு குளிக்கிறவன். அவன் இனிமேல் கடலில் இறங்கக் கூடாது என்பதுதான் பேச்சு.

அந்தக் கரையில் சங்கு குளிப்பது இப்படி. வல்லத்தில் காற்று மிஷின் ஓடும். அதிலிருந்து நீளமான குழாய், குழாய் நுனியில் ஒரு ரப்பர். அந்த ரப்பரைக் கடித்துக்கொண்டு கடலடியில் நடந்து சங்கு பொறுக்குவார்கள். ஒருவன் மேலே வந்து வாயிலிருந்து எடுத்துக் கொடுத்தால், அடுத்து இறங்குகிறவன் அதையே வாங்கிக் கடித்துக்கொண்டு குதிப்பான். ஒரு வல்லத்து மிஷின் பழுதானால் இன்னொரு வல்லத்தில் இரவல் வாங்குவார்கள். எச்சில் என்று அதை ஒருவரும் நினைத்ததே இல்லை.

"அவன் கடிச்ச ரப்பரை நாங்க கடிக்கணுமால?" என்றான் ஜோன்ஸ். "அவன் பொண்டாட்டி எங்கன இருந்து வாரான்னு தெரியும்லா. மீறி எறங்கினா மிஷினைத் தூக்கிக் கடல்ல போட்ருவேன். உனக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்."

பெவின் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பினான். ஜோன்ஸுக்கு எதற்கு அந்தச் செய்தி என்று அன்று ஆத்திரமாக இருந்தது.

ஆனால் வீட்டில் எத்தனை நாள் உட்கார முடியும்? எந்தக் கடையிலும் அந்த வீட்டுக்குச் சாமான் கொடுக்கவில்லை. வேலைக்குப் போகாதே என்று எமில்டாவைத் தடுக்க ரெக்சனுக்கும் மனசில்லை. ஒரு விடியற்காலை பெவினின் வல்லத்தில் இருவரும் கிளம்பினார்கள். வழக்கமாக வருகிற ஆட்கள் யாரும் வரவில்லை.

கிளம்புமுன் பெவின் ஒரு காரியம் செய்தான். ரெக்சன் இடுப்பிலிருந்த கத்தியை வாங்கி, குழாய் நுனியிலிருந்த பழைய ரப்பரை வெட்டி எடுத்துவிட்டுப் புது ரப்பரை மாட்டினான். பழையதை டெட்டாலில் ஊறவைத்து மூடி வைத்தான். பிற்பாடு தான் இறங்க நேர்ந்தால் தனக்கு வேண்டுமே.

ரெக்சன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். "எனக்குத் தனித் தட்டா மச்சான்?" என்று சிரித்தான். பெவினுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. என்ஜினைக் கிளப்பினான். கத்தி வல்லத்தின் முன்பக்கம், அணியத்துப் பலகையிலேயே கிடந்துவிட்டது.

முயல் தீவைத் தாண்டி, துறைமுகத்துக் கிரேன்கள் சின்னதாகத் தெரிகிற இடத்தில் நங்கூரம் போட்டார்கள். ரெக்சன் கடலடிக்கு இறங்கக் கனத்துக்கு ஈயக் கட்டைகள் கோத்த வாரைக் கட்டினான். காற்றுக் குழாய் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகாமலிருக்க அதை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்க முடிச்சுப் போட்டான். அதே இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை பெவின் கையில்.

அந்தக் கரையில் கயிறு பிடிக்கிறவன் பெண்டாட்டியின் அண்ணனாகவோ தம்பியாகவோதான் இருப்பான். முத்துக் குளித்த காலத்திலிருந்தே அப்படித்தான். கூடப்பிறந்தவன்கூடச் சொத்துக்கு ஆசைப்பட்டுக் கயிற்றை விட்டுவிடலாம். மச்சான் விடமாட்டான், அறுவது அவன் தங்கச்சி தாலியல்லவா. ரெக்சனுக்குக் கல்யாணமான நாளிலிருந்து பெவின் வேறு யார் கையிலும் அந்தக் கயிற்றைக் கொடுத்ததில்லை.

ரெக்சன் இறங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மேற்கே என்ஜின் சத்தம் கேட்டது. ஜோன்ஸின் வல்லம். அவனும், அவனிடம் வேலை பார்க்கிற இசக்கிராஜாவும், இன்னும் இரண்டு பேரும் நின்றார்கள். ஜோன்ஸின் முகக்கவசம் தாடையில் தொங்கியது. வல்லத்தோடு வல்லம் முட்டியதும், அவன் துடுப்பும் கையுமாகத் தாவி ஏறினான்.

"மிஷினை நிறுத்துல."

"கீழ ஆளு இருக்கான் ஜோன்ஸ்."

"தெரியும். காத்து நின்னா தன்னால மேல வருவான். வரட்டும், பேசிக்கிடுதேன்."

அது பொய்யில்லை. காற்று நின்றால் ஈய வாரைக் கழற்றிவிட்டு மேலே வருவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் பழக்கம். மிஷின் மக்கர் பண்ணும்போதெல்லாம் ரெக்சன் அப்படி வந்திருக்கிறான். ஆனால் பெவின் குறுக்கே போய் நின்றான். ஜோன்ஸ் துடுப்பைச் சுழற்றி அவன் வாயில் அடித்தான்.

பெவின் ஒரு கையால் தடுத்திருக்கலாம். இரண்டு கையிலும் கயிறு இருந்தது, விடவில்லை. இரண்டாவது அடியில் மேலுதடு கிழிந்து பற்கள் உள்ளே போயின. மூன்றாவது அடியில் தாடை விலகியது. அவன் பலகையில் மல்லாந்து விழுந்தான். விழுந்தும் கயிறு கையில்தான் இருந்தது.

ஜோன்ஸ் மிஷினின் பெல்ட்டைப் பிடுங்கினான். காற்று நின்றது. அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "எங்கப்பன் மொகத்தைக்கூடக் காட்டலைல," என்று கத்திக்கொண்டே மிஷினை உதைத்தான். ஆணி பெயர்ந்து வந்தது. இன்னொரு உதையில் குழாயோடு சேர்ந்து கடலில் விழுந்தது.

சின்ன வயதிலிருந்து கடலில் கிடக்கிறவன் ஜோன்ஸ். அந்தக் குழாயின் மறுமுனை ஒரு மனிதன் இடுப்பில் முடிச்சுப் போட்டிருக்கிறது என்பது அவனுக்கு மிஷின் முங்கிய பிறகுதான் உறைத்தது. அவன் முகம் வெளுத்ததை பெவின் பார்த்தான்.

காற்று நின்றதும் ரெக்சன் வாரைக் கழற்றிவிட்டு மேலே வரத் தொடங்கியிருந்தான். கயிறு தளர்ந்ததில் அது பெவினுக்குத் தெரிந்தது. உடனே கயிறு விறைத்தது. உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. மிஷின் அவனைத் திரும்பக் கீழே இழுத்துக்கொண்டு போனது. பிறகு கயிறு துடித்தது. வெடுக் வெடுக்கென்று இழுத்தது. கீழே ரெக்சன் முடிச்சை அறுக்கக் கத்தியைத் தேடுகிறான். கத்தி பெவினின் தலைமாட்டில், பலகையில் கிடந்தது.

பெவின் ஊளையிட்டான். வார்த்தை வரவில்லை. காலைப் பலகையில் முட்டுக்கொடுத்து இழுத்தான், மிஷினின் கனத்தோடு ஒற்றையாள் இழுவைக்கு வரவில்லை. இசக்கிராஜாதான் முதலில் தாவி வந்து கயிற்றைப் பிடித்தான். பிறகு ஜோன்ஸ் பிடித்தான். மூன்று பேரும் இழுத்தார்கள். பாதிக்கு மேல் வரும்போது கயிறு துடிப்பதை நிறுத்திவிட்டது. பெவினின் கைக்கு அது தெரிந்தது. மற்ற இருவரிடமும் சொல்ல அவனுக்கு வாயில்லை.

ரெக்சனைத் தூக்கிப் போட்டார்கள். பெவின் கத்தியை எடுத்துக் குழாயை அறுத்தான். உதடு நீலமாக இருந்தது. நெஞ்சு அசையவில்லை. இப்படி வருகிறவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். மூக்கைப் பொத்தி, வாயில் வாய் வைத்து ஊத வேண்டும். அவர்கள் அப்பன்மார் செய்ததுதான்.

பெவின் குனிந்து வாயை வைத்தான். டெட்டாலும் தனி ரப்பரும் அவன் நினைவிலேயே இல்லை. ஊதினான். கிழிந்த உதட்டின் வழியே காற்றும் ரத்தமும் வெளியே போயின. மறுபடி ஊதினான். தாடை பொருந்தவில்லை. தங்கச்சி புருஷனின் முகமெல்லாம் தன் ரத்தம் ஆனதுதான் மிச்சம்.

நிமிர்ந்து இசக்கிராஜாவைப் பார்த்தான். அவன் அதற்குள் ஜோன்ஸின் வல்லத்துக்குத் திரும்பத் தாவியிருந்தான். "எனக்குச் சின்னப் பிள்ளை இருக்குண்ணே," என்றான், யாரைப் பார்த்துச் சொன்னான் என்று தெரியாமல். அந்த வல்லத்திலிருந்த மற்ற இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பெவின் எழுந்தான். ஜோன்ஸின் தலைமுடியை இடதுகையால் கொத்தாகப் பிடித்து, ரெக்சன் முகத்துக்கு நேரே மண்டியிட வைத்தான். கத்தியை அவன் கழுத்தில் வைத்து அழுத்தினான். தோல் கீறி ரத்தம் வந்தது. கொல்லத்தான் போகிறோம் என்று பெவினுக்கே தோன்றியது. அதில் அவனுக்கு வருத்தம் எதுவும் இல்லை.

ஜோன்ஸ் மாட்டேன் என்று தலையாட்டினான். கத்தி இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு ரெக்சன் வாயில் வாயை வைத்தான்.

ஊதினான். நெஞ்சு எழுந்தது. பெவின் முடியை விடவில்லை. ஊதினான், ஊதினான். கொஞ்ச நேரத்தில் யாரும் சொல்லாமலே தலையைத் திருப்பிக் காற்றை இழுத்து இழுத்து ஊத ஆரம்பித்தான். அழுதுகொண்டே ஊதினான். பெவின் கழுத்திலிருந்து கத்தியை விலக்கியது அவனுக்குத் தெரியாது.

ரெக்சன் உடம்பு ஒரு வெட்டு வெட்டியது. வயிற்றில் இருந்த கடல்தண்ணீரெல்லாம் கோழையோடு ஜோன்ஸின் வாயிலும் மூக்கிலும் கண்ணிலும் வந்து அடித்தது. பிறகு இருமல். இருமலுக்கு நடுவில் கரகரவென்று மூச்சு. அந்தக் கரகரப்பைக் கேட்டு பெவின் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

ஜோன்ஸ் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தன் வல்லத்துக்குப் போகக் காலைத் தூக்கினான்.

இசக்கிராஜா துடுப்பால் இடைவெளியை அகலப்படுத்தினான். "வராதீங்கண்ணே," என்றான்.

"ஏலே, என் வல்லம்ல அது."

"உங்க வல்லம்தான். அவன் கக்கினது பூரா உங்க வாய்க்குள்ள போயிருக்குல்லா. நீங்க அதுலயே வாங்க." அவன் முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். என்ஜின் கிளம்பியது. ஜோன்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், பிறகு கெட்ட வார்த்தையில் கூப்பிட்டான். வல்லம் திரும்பிப் பார்க்காமல் கரையை நோக்கிப் போனது. கரைக்குப் போய் என்ன சொல்வார்கள் என்று ஜோன்ஸுக்குத் தெரியாதா என்ன, அவன் சொல்லிக்கொடுத்த பேச்சுதானே.

ஜோன்ஸ் கூப்பிட்டு ஓய்ந்தான். பிறகு வந்து, ரெக்சனின் தலையை எடுத்துத் தன் மடியில் ஒருக்களித்து வைத்துக்கொண்டான்.

"பெவின்," என்றான் மெல்ல. "எங்கப்பா சாவும்போது உன் தங்கச்சிதான் அங்கன இருந்தாளாமே. ஏதாவது கேட்டாவளா? என்னையக் கேட்டாவளா?"

பெவின் அவனைப் பார்த்தான். சொல்ல வாயில்லை. தலையை ஆட்டியிருக்கலாம், அதற்கு வாய் வேண்டியதில்லை.

ஆட்டவில்லை. நங்கூரத்தை இழுத்துப் போட்டுவிட்டு என்ஜினைக் கிளப்பப் போனான். ரெக்சன் இடுப்பிலிருந்த கயிற்றின் மறுமுனை இன்னும் அவன் கையில் சுற்றியிருந்தது.