வற்றம் பார்த்துத் திறந்த நீர்

புயல் சனிக்கிழமை கரையைக் கடந்தது. திங்கட்கிழமை காலை வைஜெயந்தி உப்பளச் சாலையிலேயே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, முழங்கால் தண்ணீரில் நடந்துதான் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர முடிந்தது. சாலையின் இரு பக்கமும் பாத்தி எது, வரப்பு எது என்று தெரியவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, மரக்காணத்துக்குத் தெற்கே புதிதாக எழும்பிய அறுநூறு வீடுகளுக்கும் எட்டு விடுதிகளுக்கும் பொதுவான நிலையம் அது. அவற்றின் கழிவுநீரைச் சுத்தம் செய்து, பின்புறம் போகும் ஓடையில் விடுவார்கள். ஓடை கொஞ்ச தூரம் போய் உப்பங்கழியில் கலக்கும், கழி முகத்துவாரம் வழியாகக் கடலில் கலக்கும். வீட்டுக்காரர்களின் சங்கத்துக்காகச் சென்னைக் கம்பெனி ஒன்று ஒப்பந்தத்தில் நிலையத்தை நடத்தியது. வைஜெயந்தி அங்கே பொறுப்பாளர். கிளியனூர்க்காரி, முப்பத்துநான்கு வயது, வேதியியல் படித்தவள். மோட்டார், பம்பு, மின்சாரம் எல்லாம் சாலமன் பார்த்துக்கொண்டார். அவர் அவளைவிடப் பதினைந்து வயது பெரியவர்.

சாலமன் மதில் மேல் உட்கார்ந்திருந்தார்.

"கடலு உள்ள வந்துட்டுப் போயிருக்குது மேடம். ஓடை வழியா ஏறியிருக்குது. ரெண்டு புளோயரும் முழுகிப்போச்சு" என்றார்.

புளோயர் என்பது தொட்டிக்குள் காற்றை ஊதும் இயந்திரம். கழிவை உண்மையில் சுத்தம் செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான். பெரிய தொட்டியில் அவற்றைக் கோடிக்கணக்கில் வளர்த்து, ஓயாமல் காற்று ஊதினால், அவை கழிவைத் தின்று உயிர் வாழும். நல்ல நிலையில் இருக்கும் தொட்டி பழுப்பு நிறத்தில் இருக்கும், ஈர மண்ணின் வாசனை அடிக்கும். அன்று அது சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. வைஜெயந்தி உப்பு அளக்கும் கருவியை இறக்கிப் பார்த்தாள். வழக்கமாக இரண்டாயிரத்துக்குள் நிற்கும் எண், பதினான்காயிரத்தில் நின்றது.

"செத்துப்போச்சா?" என்று கேட்டார் சாலமன்.

"முக்கால்வாசி."

கம்பெனி மேலாளர் மணிவண்ணன் மத்தியானம் போனில் கிடைத்தார். தொட்டிக்கு விடாமல் கழிவுநீரை நேரே ஓடைக்குத் திருப்பிவிடச் சொன்னார்.

"சார், அப்படியே சாக்கடைதான் போவும்."

"பிளீச்சிங் பவுடர் டபுளா போடுங்க. வாடை வராது. வெள்ளம் ஓடிட்டிருக்கு, யாரு பாக்கப் போறாங்க?"

"வேற பிளாண்ட்லேர்ந்து நுண்ணுயிரு உள்ள நல்ல கசடு ரெண்டு லாரி கொண்டாந்து கொட்டுனா சீக்கிரம் சரியாயிடும் சார்."

"மூணு வருஷத்துல இது ரெண்டாவது வெள்ளம். போன மே மாசம் வெயில்ல ஒரு தடவை தொட்டி கெட்டுச்சு. ஒவ்வொரு தடவையும் லாரி லாரியா வாங்கிக் கொட்ட முடியுமா? மேல கேட்டுச் சொல்றேன்."

அவர் கேட்டுச் சொல்லவில்லை. அடைத்து வைத்தால் கழிவு வீடுகளுக்குள் ஏறும். வைஜெயந்தி வழியைத் திருப்பினாள். ஒரு நாளைக்கு நான்கு மூட்டை பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கொட்டினாள். சாலமன் புளோயர் மோட்டார்களைக் கழற்றி, திண்டிவனத்தில் புதிதாகக் கம்பிச்சுருள் கட்டக் கொண்டுபோனார்.

ஐந்தாம் நாள் காலை ஓடையில் தண்ணீர் இறங்கவில்லை. வெளியேறும் குழாயின் வாயில் நிலையத்துக்குள்ளேயே நீர் தேங்கி நின்றது. சாலமன் கரையோரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"மணல் மூட்டை போட்டு அடைச்சிருக்காங்க. சக்கரபாணின்னு ஒருத்தர். நண்டு வளக்கறவரு. நீங்க வராதீங்க மேடம், நான் பேசிக்கறேன்."

வைஜெயந்தியும் போனாள்.

ஓடை கழியில் சேரும் இடத்தில் சக்கரபாணி மூட்டைகளின் மேல் நின்றுகொண்டிருந்தார். மெலிந்த ஆள், நாற்பத்தைந்து வயதிருக்கும். கழியில் பிடிபடும் மெல்லோட்டு நண்டுகளை வாங்கி, மூங்கில் கூண்டுகளில் தீனி போட்டு, ஓடு கெட்டியானதும் சென்னை வியாபாரிக்கு விற்பது அவர் தொழில். புயலுக்கு முதல் நாள், அலை அடிக்காத இடம் என்று நம்பி, அவரும் மனைவி திரௌபதியும் கூண்டுகளை எல்லாம் இந்த ஓடை வாய்க்கு இழுத்து வந்து கட்டியிருந்தார்கள். திரௌபதி சற்றுத் தள்ளிக் குழி தோண்டி, கூடை கூடையாக எதையோ கொட்டிக்கொண்டிருந்தாள். கிட்டே போனபோதுதான் செத்த நண்டுகள் என்று தெரிந்தது.

"நீங்கதான் இங்க மேடமா?" என்றார் சக்கரபாணி.

"ஆமாங்க."

"புயலுக்கு ஒண்ணும் ஆவல. எண்ணிப் பாத்தேன், முந்நூத்துப் பத்து உசுரோட இருந்துது. நேத்து தொறந்தா எல்லாம் வெளுத்துக் கெடக்குது. சாக்கடை வந்தா நண்டு இந்த மாரி சாவாது. நீங்க வேற இன்னாவோ கலந்துருக்கீங்க."

"மழைத்தண்ணி ஜாஸ்தியா எறங்குனாலும் நண்டு சாவுங்க" என்றார் சாலமன், அவளுக்குப் பின்னாலிருந்து.

சக்கரபாணி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மழையின் மேல் போட்டுவிடலாம். அந்த வாரம் செத்த எல்லாவற்றையும் எல்லோரும் மழையின் மேல்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மழை இல்லீங்க. பிளீச்சிங் பவுடர். ஒரு நாளைக்கு நாலு மூட்டை. போடச் சொன்னது கம்பெனி. போட்டது நான்தான்."

திரௌபதி நிமிர்ந்து கேட்டாள்.

"உம் பேரு இன்னா?"

"வைஜெயந்தி."

திரௌபதி மறுபடி குனிந்து மண்ணைத் தள்ளினாள்.

"இத எழுதிக் குடுப்பியா?" என்றார் சக்கரபாணி. மரியாதை போயிருந்தது. குரல் உயரவில்லை.

"குடுக்கறேன். இன்னையோட பவுடர நிறுத்திடறேன். ஆனா தண்ணிய நிறுத்த முடியாதுங்க. அடைச்சா வீட்டுங்க உள்ள போயிடும். தொட்டி மறுபடி வேலை செய்ய இருபது நாள் ஆவும்."

"இருபது நாளும் சாக்கடை குடிக்கணுமா கழி?"

அவர் முகத்துவாரம் இருந்த திசையில் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரே சொன்னார்.

"புயலு முகத்துவாரத்த நல்லா ஒடைச்சு வுட்ருக்குது. கடலு ஏறற ஏத்தத்துல தொறந்தீனா அம்புட்டும் கழிக்குள்ள வந்து தங்கும். கடலு எறங்கற வத்தத்துல தொறந்தா ரெண்டு மணி நேரத்துல கடலுக்குப் போயிடும். ஆறு மணி நேரம் புடிச்சு வெக்க எடம் இருக்குதா?"

கழிவுநீர் முதலில் வந்து சேரும் சேகரிப்புத் தொட்டியின் அளவை வைஜெயந்தி மனதுக்குள் கணக்கிட்டாள். விடுதிகள் காலியாக இருந்ததால் வரத்தும் குறைவு.

"இருக்குது. ஏழு மணி நேரம்கூட தாங்கும்."

"நேரம் நான் சொல்றேன்."

சக்கரபாணி மணல் மூட்டைகளை எடுத்தார். அன்று முதல் அவர் கடல் வற்றும் நேரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி சாலமனிடம் கொடுத்தார். அந்த நேரத்தில் மட்டும் சேகரிப்புத் தொட்டியின் மதகைத் திறந்தார்கள். வைஜெயந்தி நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தாள். அதன் நகலைக் கம்பெனிக்கும் சங்கத்துக்கும் அவளே அனுப்பினாள். அனுப்பிய பிறகு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

முதலில் ஒரு புளோயர் திரும்பி வந்தது, மற்றது பின்னால் வந்தது. கசடு லாரி வராததால், அவள் பழைய வழியைப் பிடித்தாள். சுற்று ஊர்களில் மாட்டுச்சாணம் வாங்கி, கரைத்து வடிகட்டி, வெல்லப்பாகோடு தொட்டியில் ஊற்றினார்கள். தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிவுநீரை உள்ளே விட்டு உப்பைக் குறைத்தாள். காலையில் ஒரு லிட்டர் கண்ணாடிக் குவளையில் தொட்டி நீரை மொண்டு அரை மணி நேரம் வைத்துப் பார்ப்பாள். உயிர்கள் வளர்ந்திருந்தால் அவை கூட்டாகச் சேர்ந்து அடியில் படியும், மேலே தெளிநீர் நிற்கும். பத்து நாள் வரை குவளை முழுக்கக் கலங்கல்தான். பதினாறாம் நாள் அடியில் விரல் கனம் படிந்தது. இருபத்துநான்காம் நாள் கால் குவளைக்குப் பழுப்பு நிறத்தில் படிந்து, மேலே நீர் தெளிந்தது. சாலமன் குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, போய் டீ வாங்கி வந்தார்.

ஜனவரியில் சங்கத்தின் கூட்டம் நடந்தது. கம்பெனி புதிய தொகை கேட்டிருந்தது. வெள்ளம் எட்டாத உயரத்தில் புளோயர்களுக்கு மேடை கட்ட வேண்டும். ஓடை வழியாகக் கடல்நீர் ஏறாமல் தடுக்கும் கதவு வேண்டும். வெயில் காலத்தில் நீர் சூடாகும்போது அதில் காற்று தங்காது, ஒரு புளோயர் போதாது, பகலும் இரவும் இரண்டும் ஓட வேண்டும். வீட்டுக்கு மாதம் முந்நூற்றைம்பது ரூபாய் கூடியது.

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் எழுந்தார். "நாங்க வீடு வாங்கறப்போ இதெல்லாம் யாரும் சொல்லல. மழை பெய்யறதுக்கும் வெயில் அடிக்கறதுக்கும் நாங்க பணம் கட்டணுமா?"

வைஜெயந்தியைப் பேசச் சொன்னார்கள். அவளுக்கு மேடைப் பேச்சு வராது. போன ஐந்து வருஷத்து மே மாதத் தொட்டி வெப்பத்தை மட்டும் படித்தாள். முப்பது, முப்பத்தொன்று, முப்பத்தொன்று, முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு.

"கட்டலன்னா தொட்டி கெட்டுப்போவும் சார். உங்க வீட்டுல ஒண்ணும் தெரியாது. கழியிலதான் தெரியும்."

மேடையும் கதவும் தேறின. கோடைக்கு இரண்டாவது புளோயரைப் பகலில் மட்டும் ஓட்ட ஒப்புக்கொண்டார்கள். சக்கரபாணிக்கு நண்டின் விலையில் பாதியைக் கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். மீதி கம்பெனியின் பொறுப்பு என்றார்கள். கம்பெனி கொடுக்கவில்லை. மார்ச்சில் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு விலகியது. மணிவண்ணன் கடைசியாகப் போன் செய்தார்.

"நீங்க எழுதிக் குடுத்தது எங்களுக்கு எவ்ளோ பெரிய தலைவலி தெரியுமா?"

"தெரியும் சார்."

"வேற எங்கயும் உங்கள சிபாரிசு பண்ண முடியாது."

"சரிங்க சார்."

சங்கம் வைஜெயந்தியையும் சாலமனையும் நேரடியாக வேலைக்கு எடுத்தது. சம்பளம் கொஞ்சம் குறைந்தது. அவள் கணவன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு பேசினான்.

கோடை முன்னதாகவே வந்தது. ஏப்ரல் பாதியில் மணல் சேர்ந்து முகத்துவாரம் மூடிக்கொண்டது. ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. ஓடையில் நிலையத்தின் நீரைத் தவிர வேறு நீர் வரவில்லை. அது சுத்தமாகத்தான் போனது. ஆனாலும் தேங்கிய கழி சூடாகிப் பச்சை பிடித்தது. விடியற்காலையில் நீரிலுள்ள காற்றை அளக்கும் கருவியோடு அவள் கரைக்குப் போவாள். மீனுக்குக் குறைந்தது நான்கு வேண்டும். ஒன்றரை, ஒன்று என்று காட்டியது. கழிக்குப் போகும் நீரிலாவது காற்று கூடட்டும் என்று, இரவிலும் இரண்டாவது புளோயரை ஓட்ட அனுமதி கேட்டு மூன்று கடிதம் எழுதினாள். மூன்றாவதற்கும் பதில் வராமல்போக, அவளே பொறுப்பேற்று ஓட்டினாள். மின்கட்டணம் வந்ததும் சங்கச் செயலாளர் கூப்பிட்டுக் கண்டித்தார். நிறுத்தச் சொல்லவில்லை.

சக்கரபாணி அங்கே இல்லை. பிப்ரவரியிலேயே மங்களூருக்குப் போய்ப் பெரிய போட்டில் கூலிக்குச் சேர்ந்திருந்தார். கழியில் மெல்லோட்டு நண்டே அகப்படாதபோது கூண்டில் எதை வளர்ப்பது? திரௌபதி கூனிமேட்டில் மீன் வாங்கி, கூடையில் விற்றாள். சாலையில் வைஜெயந்தியைப் பார்த்தால் தலையாட்டுவாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஜூன் மாதம் மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. சக்கரபாணி ஊர் திரும்பினார். இரண்டாம் நாள் காலையே நிலையத்துக்கு வந்து, அளவு எடுக்கும் மேசைக்கு எதிரே நின்றார். கறுத்து, இன்னும் மெலிந்திருந்தார்.

"வாங்க, உக்காருங்க" என்றாள்.

அவர் உட்காரவில்லை. "முந்தாநேத்து மழையில முகத்துவாரம் கொஞ்சம் தொறந்துருக்குது. இன்னிக்குத் தண்ணி எப்படி இருக்குது?"

"காலையில ரெண்டு புள்ளி எட்டு."

"பத்துமா?"

"நண்டுக்குப் பத்தும். மீனுக்குப் பத்தாது."

அவர் அந்த எண்ணைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"நாளைக்கும் பாத்துச் சொல்றியா?"

"தெனம் காலையில ஆறு மணிக்கு எடுக்கறேன். நம்பர் குடுங்க, அனுப்பிடறேன்."

அவர் நம்பரைச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள். பிறகு அவர் ஓடைக் கரையோடு கழியைப் பார்த்து நடந்தார். பக்கத்து அறையில் சாலமன் இரண்டாவது புளோயரின் சுவிட்சைப் போட்டார்.