கொடிக்கம்பியில் கரண்ட்

என் வீட்டுக்காரர் ஜெப்சன் மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறார். வண்டியில் எந்த ஒயர் எங்கே போகிறதென்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வார். அதற்காக வீட்டுக் கரண்டில் கைவைக்கலாம் என்று யார் சொன்னது? செல்போனில் நாலு வீடியோ பார்த்தார். சேலத்துக்குப் போய் எல்இடி பட்டை, கண்டென்சர், டயோடு என்று ஒரு பை நிறைய வாங்கி வந்து, பட்டைக்குக் கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் டிரைவர் போர்டை அவரே பற்றவைத்தார். கூடத்துச் சுவரில் நீளமாக ஒரு அலுமினியச் சேனலை அடித்து, அதில் பட்டையை ஒட்டி லைட்டை எரியவிட்டார். வெளிச்சம் பளிச்சென்று இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

மழைக்காலத்தில் எங்கள் ஊரில் வெளியே துணி காயாது. கூடத்துக்குள்தான் கொடிக்கம்பி. அந்தக் கம்பியின் ஒரு முனையை மனுஷன் சேனலின் கொக்கியிலேயே மாட்டிவிட்டார். நேற்று ஈரத் துண்டைப் போடப் போனேன், சுரீரென்று தோள்வரை இழுத்தது. சொன்னால் சிரிக்கிறார்.

"உனக்கு நரம்புத் தளர்ச்சி புள்ள. ஏற்காட்டுல டாக்டரப் பாரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த லைட்டைப் பிடுங்கி எறிந்திருப்பேன். என் மகள் ரூபி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாக்ஸைக் கழற்றி முதலில் போடுவது அந்தக் கம்பியில்தான். எனக்கு வேறெதுவும் ஓடவில்லை.

இன்று சாயங்காலம் நல்ல இடி. இடி இடித்தால் எங்கள் ஊரில் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவோம். கொஞ்சம் ஓய்ந்ததும் அவர் லைட்டைச் சொருகினார். நான் மறுபடியும் வாயைத் திறந்தேன். அவ்வளவுதான், விறுவிறுவென்று போய்க் கம்பியை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்க உன் ஷாக்கு? காட்டு பாக்கலாம்!"

ஒன்றும் ஆகவில்லை. டெஸ்டரை வைத்தும் காட்டினார், அதுவும் எரியவில்லை. ரூபியும் அவரோடு சேர்ந்து சிரித்தாள். அவமானத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டது. நேற்று என் கையை இழுத்தது பேயா பிசாசா?

மறுபடியும் ஒரு இடி. ஓடிப்போய்ப் பிடுங்கினேன். அது அடங்கியதும் அவர் சொருகினார், லைட் எரிந்தது. ரூபி துவைத்த யூனிபார்மைப் பிழிந்து எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு கம்பிப் பக்கம் போனாள். என் மனசு ஒப்பவில்லை. மேசைமேல் கிடந்த டெஸ்டரை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் போய்க் கம்பியில் வைத்தேன். உள்ளே சிவப்பாக எரிந்தது.

"ரூபி! தொடாத கண்ணு!"

பிள்ளை ஒரு சாண் தூரத்தில் கையைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"சும்மா புள்ளைய எதுக்குடி பயமுறுத்தற?" என்று கத்திக்கொண்டே வந்தார் அவர். நான் டெஸ்டரைக் காட்டுவதற்குள் கம்பியை எட்டிப் பிடித்துவிட்டார்.

பிடித்த கை திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பு வெடவெடவென்று ஆடியது. அவரைத் தொட்டால் நானும் போய்விடுவேன் என்பது மட்டும் எப்படியோ நினைவிருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். வீடு இருட்டானது, அவர் தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

"ஏனுங்க... ஏனுங்க..."

ரூபி வீறிட்டு அழுதாள். செல்போன் வெளிச்சத்தில் அவர் நெஞ்சைப் பார்த்தேன். ஏசுவே, அது ஏறி இறங்கியது. அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

"மொதல்ல புடிச்சப்ப ஒண்ணும் ஆகலையே..." என்று முனகினார்.

நான் பிளக்கை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "ரெண்டு பின் பிளக்குங்க இது. எப்படி வேணா சொருகலாம். இடிக்குப் புடுங்கிட்டு மறுபடியும் சொருகுனீங்களே, அதே பக்கமாவா சொருகுனீங்க?"

பிளக்கைப் பார்த்தார். சேனலைப் பார்த்தார். குரல் இறங்கிப்போனது.

"லைட்டோட நெகடிவ்வ சேனல்ல குடுத்துட்டேன் அமலி. வண்டியில பாடியில குடுக்கற மாதிரி. ஒரு பக்கம் சொருகுனா ஒண்ணும் தெரியாது. திருப்பிச் சொருகுனா முழுக் கரண்டும் சேனல்ல..."

"ஜீப்புல இருக்கறது பன்னெண்டு வோல்ட்டுங்க! இது என்ன ஜீப்பா?"

அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. முகம் வெளிறிவிட்டது.

"குப்பாயி அக்கா ஊடு."

எதிர்ச்சாரியில் தனியாக இருக்கும் குப்பாயி அக்காவுக்கு இதே லைட்டை, இதே கொக்கியோடு, போன வாரம் மாட்டிக்கொடுத்திருந்தார். அக்காவின் கொடிக்கம்பியும் அந்தக் கொக்கியில்தான். அக்காவும் இடிக்குப் பிளக்கைப் பிடுங்கியிருக்கும். இப்போது இடி நின்றுவிட்டது. போன் போட்டேன், எடுக்கவில்லை.

அவர் எழுந்தார், கால் நிற்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் எழுந்து மழையில் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். அக்கா வீட்டு ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது.

"அக்கா! கம்பியத் தொடாதீங்க! நான் செஞ்சது தப்புங்க! தப்பாச் செஞ்சுட்டேன்!"

தெருவே கதவைத் திறந்து பார்த்தது. கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் ஒரு தடவைகூடத் தப்பு என்று சொல்லாத மனுஷன்.

குப்பாயி அக்கா வாசலுக்கு வந்தது. தோளில் பிழிந்த சேலை.

"என்ன சாமி இந்த மழையில கத்திக்கிட்டு? உள்ள வா. இதப் போட்டுட்டு வந்தர்றேன்" என்று உள்ளே திரும்பியது.

அவர் அந்த ஈரச் சேலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார். அக்கா ஒன்றும் புரியாமல் அவர் தலையைத் தடவிக்கொண்டு நின்றது.

டெஸ்டர் இன்னும் என் கையில்தான் இருந்தது. உள்ளே போய்க் கம்பியில் வைத்தேன். சிவப்பாக எரிந்தது.